லேப்டாப் ஆன் ஆகவில்லை: முதலில் கோப்புகள், அப்புறம் ரிப்பேர்

கீழே இருப்பவை பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 ஓடும் லேப்டாப்புகளுக்கானவை. மேக்புக்குக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. அவசரத்தில் இருப்பவர்கள் தங்களுக்குப் பொருந்தும் கேள்விக்கு நேராகப் போகலாம். முதல் கேள்வியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

லேப்டாப் ஆன் ஆகவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பதிலிருந்து. பவர் பட்டனை அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியவில்லையா? விளக்கு எரிந்து, ஃபேனும் சுற்றி, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறதா? கம்பெனி லோகோ வந்து அதோடு நிற்கிறதா? விண்டோஸ் பாதி வந்து நீலத் திரையில் விழுகிறதா? நான்கும் வேறு வேறு கோளாறுகள்.

இதில் பலரும் தலைகீழாகப் பயப்படுகிறார்கள். பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும் லேப்டாப்பைப் பார்த்தால்தான் 'எல்லாம் போச்சு' என்று பதறுகிறார்கள். அப்படிப்பட்ட லேப்டாப்பில் போயிருப்பது பெரும்பாலும் சார்ஜரோ, பேட்டரியோ, மதர்போர்டோதான். கோப்புகள் இருக்கும் டிஸ்க் உள்ளே சேதமில்லாமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. லோகோ வரை வந்து பத்து நிமிடம் சுற்றுவது, ஒருநாள் வந்து மறுநாள் வராமல் இழுத்தடிப்பது, இதுதான் பயப்பட வேண்டிய ரகம். அங்கே டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு முறை ஆன் செய்து பார்ப்பதும் அதை இன்னும் கொஞ்சம் கெடுக்கும்.

ஆகவே ரிப்பேரில் கை வைக்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: உள்ளே இருப்பது வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால் முதலில் கோப்புகள், அப்புறம்தான் லேப்டாப். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைபவர்களுக்கு டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் அவர்களுக்கே தெரியாமல் ஒன்டிரைவில் ஏறியிருப்பது உண்டு. போனில் ஒன்டிரைவைத் திறந்து பார்த்துவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜிபிதான் என்பதால் பாதியில் நின்றிருக்கவும் கூடும்.

விளக்கே எரியவில்லை. என்ன செய்யலாம்?

சார்ஜரில் தொடங்குங்கள். பிளக் பாயிண்டை மாற்றிப் பாருங்கள், முடிந்தால் வேறு சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். இரவல் சார்ஜர் வாங்கும்போது அதன் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண் உங்கள் சார்ஜரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும் (19, 19.5, 20 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. டெல், எச்பி சார்ஜர்களின் நடுவில் ஊசி போல ஒரு பின் இருக்கும். 'நான் இன்ன சார்ஜர்' என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தாலோ உடைந்தாலோ லேப்டாப் ஓடலாம், ஆனால் பேட்டரி ஏறாமல் போகலாம். டைப் சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப்புக்குச் சாதாரண போன் சார்ஜர் போதாது. பவர் டெலிவரி உள்ள 45 அல்லது 65 வாட் சார்ஜர் வேண்டும்.

அடுத்தது, தேங்கி நிற்கும் மின்சாரத்தை வடிப்பது. சார்ஜரைக் கழற்றுங்கள், பேட்டரி வெளியே எடுக்கக்கூடியது என்றால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். பேட்டரி உள்ளேயே பூட்டியிருந்தாலும் இதைச் செய்யலாம். லெனோவோவின் சில மாடல்களில் அடிப்பக்கம் சிம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், இதே வேலைக்குத்தான். ஏதோ மந்திரம் போலத் தெரியும், ஆனால் செத்துவிட்டதாக நினைத்த லேப்டாப்புகளில் கணிசமானவை இதிலேயே எழுந்துவிடுகின்றன. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த லேப்டாப் என்றால் சார்ஜரில் அரை மணி நேரம் விட்டுவிட்டு அப்புறம் முயலுங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால் பவர் ஜாக் அல்லது மதர்போர்டு. அது கடை வேலை. டிஸ்க்கைக் கழற்றி எடுப்பது பற்றிக் கீழே இருக்கிறது.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பேட்டரி உப்பியிருக்கிறது. இனி சார்ஜ் போடாதீர்கள், அமுக்கி மூடாதீர்கள், குத்தாதீர்கள். முதலில் பேட்டரியைக் கழற்ற ஆள் பாருங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறது, திரையில் ஒன்றும் இல்லையே?

கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் லேப்டாப் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது, திரைதான் பிரச்சினை. இருட்டில் டார்ச்சைத் திரையின் மேல் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் பின்னொளி போயிருக்கிறது. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (ஆங்கில B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டு டிவியை இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்த நிமிடமே எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகிக் கோப்புகளை நகலெடுங்கள்.

கேப்ஸ் லாக்கும் எரியவில்லை, பீப் சத்தம் வருகிறது அல்லது விளக்கு விட்டுவிட்டுக் கண்சிமிட்டுகிறது என்றால் எத்தனை முறை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அது கோளாறின் குறியீடு. மாடல் பெயரோடு சேர்த்துத் தேடினால் எது என்று தெரியும். அடிக்கடி மாட்டுவது ரேம். பின்பக்கம் திறந்து ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பட்டையைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூசு தட்டித் திரும்பப் பொருத்துவது நம் ஊர் கடைகளின் முதல் வைத்தியம். பழைய லேப்டாப்புகளில் அது பலிக்கவும் செய்யும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். புதிய மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், கழற்ற ஒன்றும் இருக்காது.

'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வருகிறது. டிஸ்க் போய்விட்டதா?

முதலில் செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். சிரிக்காதீர்கள், பல சமயம் இவ்வளவுதான் விஷயம்.

அதே செய்தி வந்தால் பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். டெல், ஏசர், ஆசுஸ் லேப்டாப்புகளில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2. ஆன் செய்தவுடன் விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. தெரிந்தால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது, விண்டோஸ்தான் கெட்டிருக்கிறது. தெரியவில்லை என்றால் டிஸ்க் அதன் இடத்தில் தளர்ந்திருக்கலாம் அல்லது போயிருக்கலாம். ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

போன இடத்தில் சாட்டா மோட், விஎம்டி போன்றவற்றை (டிஸ்க்கோடு லேப்டாப் பேசும் முறையை முடிவு செய்பவை) மாற்றி வைக்காதீர்கள். அதை மாற்றினால் நன்றாக இருக்கும் விண்டோஸும் நீலத் திரை காட்டும். பயாஸில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் சிறிய காசு பேட்டரி தீர்ந்திருக்கிறது. அப்போது இந்த அமைப்புகள் தாமாகவே மாறியிருக்கவும் கூடும்.

'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வந்து, திரும்பத் திரும்ப அதிலேயே நிற்கிறது.

அந்தத் திரையில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' கிடைக்கும். கிடைக்காவிட்டால் விண்டோஸ் வட்டம் சுற்றத் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானே மீட்புத் திரைக்குப் போகும். டிஸ்க்கில் சத்தமோ மந்தமோ இருந்தால் இந்த விளையாட்டு வேண்டாம்.

உள்ளே 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குவது, 'சிஸ்டம் ரீஸ்டோர்' மூன்றும் உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடாதவை, முயலலாம். 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' போய் ரீஸ்டார்ட் கொடுத்து 4 அழுத்தினால் சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் ஓடும் முறை. அதில் விண்டோஸ் வந்துவிட்டால் ரிப்பேரை ஒத்திவைத்துவிட்டு நகலெடுங்கள். 'ரீசெட் திஸ் பிசி' மட்டும் இப்போது வேண்டாம். 'கீப் மை ஃபைல்ஸ்' என்று அதில் ஒரு வாய்ப்பு இருப்பது உண்மைதான், ஆனால் நீங்கள் போட்ட புரோகிராம்கள் எல்லாம் போய்விடும். டிஸ்க் பலவீனமாக இருந்தால் பாதியில் நின்று இரண்டும் கெட்டான் நிலையில் விட்டுவிடும். டிஸ்க்கைச் சோதித்துப் பிழை திருத்த யூடியூபில் எல்லோரும் சொல்லும் செக்டிஸ்க் கட்டளையும் அப்படியே. நல்ல டிஸ்க்கில் அது மருந்து. போய்க்கொண்டிருக்கும் டிஸ்க்கில் மணிக்கணக்கில் எழுதியும் படித்தும் மிச்சத்தையும் முடித்துவிடும்.

நீலத் திரை வந்தாலே டிஸ்க் போச்சு என்று இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட்டால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்த நாள் அது. அந்தக் கணினிகளின் டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை அழித்ததும் பழையபடி ஓடின. ஆனால் அந்த ஒரு கோப்பை அழிக்கக்கூட முடியாமல் பல அலுவலகங்கள் தவித்தன. காரணம், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் சாவி கையில் இல்லாதது. அதற்குக் கீழே வருகிறேன்.

விண்டோஸ் வராமலே கோப்புகளை எடுக்க முடியுமா?

முடியும். மூன்று வழிகள் இருக்கின்றன.

எளிதானது நோட்பேட் வழி. அதே மீட்புத் திரையில் 'கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து, ஆங்கிலத்தில் நோட்பேட் என்று தட்டி எண்டர் கொடுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் உங்கள் டிரைவ்கள் எல்லாம் தெரியும். வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குப் போய் பேஸ்ட். இங்கே வழக்கமான சி டிரைவ், டி என்றோ ஈ என்றோ பெயர் மாறித் தெரியலாம், பதறாதீர்கள். எவ்வளவு முடிந்தது என்று காட்டாது. ஜன்னல் உறைந்தது போல நிற்கும், ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

இரண்டாவது, லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) ஏற்றிய பென் டிரைவ். வேறொரு கணினியில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டைத் தரவிறக்கி, ரூஃபஸ் என்ற இலவசப் புரோகிராம் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள் (அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும்). லேப்டாப்பில் செருகி, பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுங்கள். டெல், லெனோவோ, ஏசரில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். உபுண்டு கேட்கும்போது 'ட்ரை' என்பதைத்தான் அழுத்த வேண்டும், 'இன்ஸ்டால்' அல்ல. இந்த ஒரு கிளிக்கில் கவனமாக இருங்கள். முழு உபுண்டுவும் பென் டிரைவிலிருந்தே ஓடும், உங்கள் டிஸ்க்கில் எதையும் எழுதாது. விண்டோஸ் சரியாக அணையாமல் இருந்தால் டிரைவைப் 'படிக்க மட்டும்' திறக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

மூன்றாவது, டிஸ்க்கையே கழற்றி யுஎஸ்பி கேசிங்கில் (டிஸ்க்கை யுஎஸ்பி வழியாக இணைக்கும் உறை) போட்டு வேறு கணினியில் செருகுவது. விளக்கே எரியாத லேப்டாப்புக்கு இதுதான் வழி. கேசிங் வாங்கும் முன் டிஸ்க்கைப் பாருங்கள். உள்ளங்கை அளவுப் பெட்டி போல இருந்தால் 2.5 அங்குல சாட்டா, அதற்கான கேசிங் சில நூறு ரூபாய். சூயிங்கம் பட்டை போல 22 மில்லிமீட்டர் அகலத்தில் இருந்தால் எம்.2. அதிலும் இரண்டு வகை: முனையில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. என்விஎம்இ மட்டும் எடுக்கும் கேசிங்கில் சாட்டா டிஸ்க் தெரியாது. சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் டிஸ்க்கையே கையில் கொண்டுபோய்க் காட்டி, இரண்டு வகையும் எடுக்கும் கேசிங்காக வாங்கிவிடுவது நல்லது. வேறு கணினியில் செருகியதும் 'அனுமதி இல்லை' என்று வந்தால் 'கண்டினியூ' கொடுங்கள், சற்று நேரத்தில் திறக்கும்.

48 இலக்கச் சாவி கேட்கிறது. நான் எதையும் பூட்டவில்லையே?

விண்டோஸ் பூட்டியிருக்கும். 2024 இறுதியில் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், ஹோம் பதிப்பிலும்கூட டிஸ்க் தானாகக் குறியாக்கம் ஆகிவிடும். அதற்கு முன்பே பல புதிய மாடல்களில் இது இருந்தது. நாளும் பூட்டைத் திறப்பது மதர்போர்டில் உள்ள சிப். போர்டு போய்விட்டாலோ, டிஸ்க்கை வேறு கணினியில் போட்டாலோ, சில பயாஸ் மாற்றங்கள் செய்தாலோ சாவி கேட்கும். 'செத்த லேப்டாப்பில் கோப்புகள் பத்திரம்' என்று மேலே சொன்னதற்கு இருக்கும் பெரிய விதிவிலக்கு இதுதான்.

போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ என்பதைத் தேடுங்கள். பல சாவிகள் இருந்தால் லேப்டாப் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளோடு ஒப்பிட்டு எடுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி பிரிவிடம் இருக்கும். கல்லூரி மாணவர்களுக்கு ஒன்று: லேப்டாப் வாங்கியபோது கடைக்காரரோ அண்ணனோ தங்கள் கணக்கைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்திருந்தால் சாவி அங்கே போயிருக்கும், அவர்களிடம் கேளுங்கள். உபுண்டுவிலும் இதே சாவியைக் கொடுத்தால் டிரைவ் திறக்கும். சாவி எங்கும் இல்லை என்றால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. 'உடைத்துத் தருகிறேன்' என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

எந்தெந்த ஃபோல்டர்களை எடுக்க வேண்டும்?

யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரை முழுதாக எடுத்தால் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ் எல்லாம் வந்துவிடும். நேரம் குறைவாக இருந்தால் திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள். சினிமாவும் புரோகிராம்களும் கடைசியில்.

மறந்துபோகிறவை வேறு. டேலி பிரைம் கணக்குகள் வழக்கமாக யூசர்ஸுக்குள் உள்ள பப்ளிக் ஃபோல்டரில், டேலி பிரைம் என்பதற்குள் டேட்டா என்ற பெயரில் இருக்கும். உள்ளே வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள்தான் ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கும். வேறு இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தால் அங்கே தேட வேண்டும். அவுட்லுக் பயன்படுத்துவோர் மெயில்கள் சேமித்திருக்கும் பிஎஸ்டி கோப்புகளை எடுங்கள். அப்புறம் தமிழ் எழுத்துருக்கள். பாமினியிலோ வானவில் அவ்வையாரிலோ தட்டிய பழைய கோப்புகள் இருந்தால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபாண்ட்ஸையும் நகலெடுங்கள். இல்லாவிட்டால் புதிய கணினியில் பத்து வருடக் கடிதங்களும் புரியாத ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும்.

டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் வருகிறது.

அணையுங்கள். இப்போதே.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் படிக்கும் முனை தகட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூசுகூட அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. அந்த முனை கெட்டுத் தகட்டில் உரச ஆரம்பித்தால் கோப்புகள் எழுதியிருக்கும் பூச்சே சுரண்டப்படும். அப்புறம் எந்த ஆய்வகமும் எடுக்க முடியாது. ஃப்ரீசரில் வைப்பது, தட்டுவது, வீட்டில் திறந்து பார்ப்பது மூன்றும் வேண்டாம். ஃப்ரீசர் வைத்தியம் இணையத்தில் இன்னும் உலவுகிறது. அதில் மிஞ்சுவது தகட்டில் படியும் ஈரம். தூசில்லா அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிறுவனத்திடம் மட்டும் கொடுங்கள். 'கோப்பு கிடைக்காவிட்டால் கட்டணம் எவ்வளவு, கிடைத்தவற்றின் பட்டியலைக் காட்டிவிட்டுத்தானே பணம்' என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

சத்தமில்லை, டிஸ்க் தெரிகிறது. ஆனால் திறந்தால் 'ஃபார்மட் செய்யவா?' என்கிறது.

கேன்சல் கொடுங்கள். டிரைவின் அட்டவணை சேதமாகியிருக்கிறது, கோப்புகள் இன்னும் உள்ளே இருக்கலாம். சரியான வரிசை இது: லினக்ஸிலிருந்து டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராமால் டிஸ்க் முழுவதையும் வேறொரு பெரிய டிஸ்க்குக்குப் படியெடுப்பது. நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். பாதியில் நிறுத்தினாலும், எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு கொடுத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எது மூலம், எது நகல் என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான், ஆகவே எண்டர் தட்டும் முன் இருமுறை பாருங்கள்.

பிறகு அந்த நகலின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புப் புரோகிராமை ஓட்டினால் பெயரோடும் ஃபோல்டரோடும் கிடைக்க வாய்ப்பு உண்டு. அது முடியாதபோது ஃபோட்டோரெக். பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் வேர்ட், பிடிஎஃப் எல்லாம் எடுக்கும், ஆனால் பழைய பெயர்கள் போய் எண்களாக வரும். இரண்டும் இலவசம். மீட்டதை மூல டிஸ்க்கிலேயே சேமிக்காதீர்கள்.

எஸ்எஸ்டியில் தவறுதலாக அழித்துவிட்டேன். மீட்க முடியுமா?

எஸ்எஸ்டி என்பது சுழலும் தகடு இல்லாத, சிப்களால் ஆன டிஸ்க். ரீசைக்கிள் பின்னிலும் இல்லை என்றால் நம்பிக்கை மிகக் குறைவு. அழித்த இடங்களை விண்டோஸ் 'ட்ரிம்' கட்டளை மூலம் டிஸ்க்குக்குச் சொல்லிவிடுகிறது, அது துடைத்துவிடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க் அனுபவத்தை வைத்து எஸ்எஸ்டியை எடைபோடக் கூடாது.

மேக்புக் என்றால்?

2018 முதல் வந்த டி2 சிப் மாடல்களிலும், 2020 நவம்பர் முதல் வந்த எம்1, அதற்குப் பிந்தைய மாடல்களிலும் தரவுகள் அந்தச் சிப்போடு பிணைத்துக் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். கழற்றிக் கேசிங்கில் போடும் கதையே இல்லை. போர்டு செத்தால் போர்டை உயிர்ப்பிக்கத்தான் வேண்டும். போர்டு உயிரோடு இருந்து மேக்ஓஎஸ் மட்டும் வரவில்லை என்றால், எம் வரிசையில் பவர் பட்டனை விடாமல் அழுத்தி 'ஆப்ஷன்ஸ்' போய், யுடிலிட்டீஸில் 'ஷேர் டிஸ்க்' மூலம் இன்னொரு மேக்கில் கோப்புகளை எடுக்கலாம்.

டீ கொட்டிவிட்டது, அதிலிருந்து ஆன் ஆகவில்லை.

சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். அரிசிப் பானைக்குள் வைப்பதால் பயனில்லை. சர்க்கரையும் பாலும் போர்டிலேயே ஒட்டிக்கொண்டு அரிக்கும். காய்ந்துவிட்டது என்று மறுநாள் ஆன் செய்யும்போதுதான் பல போர்டுகள் ஷார்ட் ஆகின்றன. கடையில் பேட்டரி இணைப்பை நீக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவச் சொல்லுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

'டேட்டா வேணுமா சார்?' என்று கடையில் கேட்பார்கள். அந்தக் கேள்வி வருவதற்குள் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவது உத்தமம். திரை, பவர், கீபோர்டு ரிப்பேருக்கு டிஸ்க் தேவையே இல்லை. கழற்ற முடியாது என்றால் 'ஃபார்மட் செய்யக் கூடாது' என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாரண்டியில் டிஸ்க்கை மாற்றினால் பழையதை நிறுவனமே வைத்துக்கொள்வது வழக்கம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி லேப்டாப் மேல் ஒட்டிக் கொடுக்கும் பழக்கம் இங்கே சாதாரணமாகிவிட்டது. பவர் வராத லேப்டாப்பைச் சரிசெய்ய பாஸ்வேர்டு எதற்கு?

எல்லாம் எடுத்தாயிற்று. பழைய டிஸ்க்கை மறுபடி பயன்படுத்தலாமா?

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமில் செருகிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் 05, சி5 என்ற வரிகளில் (கெட்ட, சந்தேகத்துக்குரிய பகுதிகளின் கணக்கு) 'ரா வேல்யூஸ்' பூஜ்யமாக இருக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ காட்டினால் சினிமா வைத்துக்கொள்ளக்கூட நம்பாதீர்கள். வங்கி விவரங்களும் ஆதார் நகலும் இருந்த டிஸ்க்கைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன், ஹார்ட் டிஸ்க் என்றால் தகடு வழியாகத் துளை போடுங்கள், எஸ்எஸ்டி என்றால் உள்ளே இருக்கும் கறுப்பு சிப்களை உடையுங்கள். துளை போடும்போது கண்ணாடி அணியுங்கள், லேப்டாப் டிஸ்க்குகள் பலவற்றில் தகடு கண்ணாடியால் ஆனது, சிதறும்.